பையின் மேல் கடலை வரையாதீர்கள்!

– மூன்றாமாண்டு மாணவி, ஆடைத் தொழில்நுட்பத் துறை



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரும்படி பேரவைச் செயலாளர் கேட்டபோது, 'நட்பின் இலக்கணம்', 'நேரத்தின் அருமை', 'நாளைய இந்தியா நம் கையில்' என்று ஏதாவது எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவற்றை என்னைவிட நன்றாக எழுதுகிறவர்கள் இந்த வளாகத்தில் நிறையவே இருக்கிறார்கள். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரே ஒரு பை. நானே வடிவமைத்து, நானே தைத்து, மதிப்பெண் குறைந்து, அதன் பிறகும் விட்டுக்கொடுக்க மனம் வராத ஒரு துணிப்பை. அதைப் பற்றி உங்களிடம் கொஞ்சம் பேச வேண்டும். இயந்திரவியல், சிவில் நண்பர்கள் 'பை கதை நமக்கு எதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். கடைசியில் உங்களுக்கும் ஒரு கேள்வி வைத்திருக்கிறேன்!

தென்னை மரமும் அஸ்தமனமும்

ஐந்தாம் பருவத்தில் எங்களுக்குக் கொடுத்த செய்முறைத் தலைப்பு 'கடற்கரை'. அதை மனதில் வைத்துக் கைவேலையாக ஒரு துணிப்பை செய்துவர வேண்டும். வகுப்பில் நாங்கள் 38 பேர். ஈரோடு, சென்னிமலை, பவானி, கரூர் என்று பெரும்பாலும் தறிச் சத்தத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கள். கடலோரத்திலிருந்து வந்தவள் நான் ஒருத்திதான். நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஒரு மீனவ கிராமம் என் ஊர்.

முதல் வரைபடங்களை மேஜைமேல் பரப்பி வைத்த அன்று நான் சும்மா இருக்காமல் எண்ணிப் பார்த்தேன். 21 தாள்களில் தென்னை மரம். 19 தாள்களில் கடலுக்குள் மறைகிற ஆரஞ்சுச் சூரியன். 9 பேர் சிப்பி, சோழி ஒட்டியிருந்தார்கள். 6 பேர் நங்கூரம் வரைந்திருந்தார்கள். இரண்டு டால்பின்கள் துள்ளிக்கொண்டிருந்தன. இதில் சிரிக்க வேண்டிய விஷயம் என்னவென்றால், என் தாளிலும் தென்னை மரம் இருந்தது, சூரியனும் மறைந்துகொண்டிருந்தது!

அந்த வாரம் ஊருக்குப் போனபோது படத்தை அம்மாவிடம் பெருமையாகக் காட்டினேன். அம்மா ஐந்தாவது வரை படித்தவள். அப்பா கையெழுத்து மட்டும் போடுவார். எங்கள் குடும்பத்தில் பத்தாவதைத் தாண்டி ஒரு கல்லூரி வாசலை மிதித்தது நான்தான் முதல். அதனால் நான் எதைக் காட்டினாலும் அம்மா 'நல்லாருக்கு' என்றுதான் சொல்வாள். அன்று மட்டும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள்:

"இது எந்த ஊருடி?"

"நம்ம ஊரு கடற்கரைதாம்மா."

"நம்ம ஊருல சூரியன் கடல்லயா மறையுது?"

எனக்கு வாயடைத்துப் போய்விட்டது. நண்பர்களே, சோழமண்டலக் கடற்கரை கிழக்குக் கடற்கரை. எங்களுக்குச் சூரியன் கடலிலிருந்து எழும்பும். மாலையில் சவுக்குத் தோப்புக்குப் பின்னால், ஊருக்கு மேற்கே, வயல் பக்கம்தான் மறையும். விடியற்காலையில் அப்பாவின் ஃபைபர் படகு போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்ற நாட்கள் எத்தனையோ. அந்தத் திசையில் சூரியன் மறைந்து நான் பார்த்ததே கிடையாது. இருந்தும் வரையச் சொன்னதும் என் கை அஸ்தமனத்தைத்தான் வரைந்தது. ஏன்? நான் வரைந்தது என் கடலை அல்ல. காலண்டரில் பார்த்த கடலை!

இங்கே ஒரு உண்மையையும் ஒப்புக்கொண்டுவிடுகிறேன். முதலாண்டில் விடுதிக்கு வந்த புதிதில் அம்மா கட்டிக் கொடுத்த கருவாட்டுப் பொட்டலத்தை நான் பிரித்தபோது அறையில் ஒருத்தி மூக்கைப் பொத்தினாள். விளையாட்டாகத்தான் செய்தாள், இப்போது அவள் எனக்கு நல்ல தோழி. ஆனால் அன்றிலிருந்து நான் ஊரிலிருந்து கருவாடு கொண்டுவரவில்லை. யாராவது கேட்டால் 'வேளாங்கண்ணி பக்கம்' என்பேன். அப்பா என்ன வேலை என்றால் 'சொந்தத் தொழில்' என்பேன். இரண்டரை வருடம் இப்படியே ஓட்டினேன். தன் வீட்டை மறைக்கிறவள் வரைகிற கடலில் தென்னை மரம் மட்டும்தானே இருக்க முடியும்?

தாத்தா காட்டிய மடி

படத்தைச் சுருட்டி வைத்துவிட்டுத் தாத்தாவிடம் போய் உட்கார்ந்தேன். தாத்தாவுக்கு எழுபத்தைந்து வயது இருக்கும். இப்போது கடலுக்குப் போவதில்லை. கிழிந்த வலைகளைச் சரிபண்ணிக் கொடுப்பார். "தாத்தா, கடல்ல பை மாதிரி ஏதாவது இருக்கா?" என்று அசட்டுத்தனமாகக் கேட்டேன்.

"ஏன் இல்ல? கரைவலையில மடி இருக்கே!"

கரைவலை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. படகில் கொண்டுபோய்க் கடலில் அரைவட்டமாக வலையை இறக்கிவிட்டு, இரண்டு முனைக் கயிற்றையும் கரையில் நின்று பல பேர் சேர்ந்து இழுப்பார்கள். வலையின் இரண்டு பக்கமும் நீளமான கைகள். அந்தக் கைகளில் கண்கள் பெரிசு பெரிசாக இருக்கும். அங்கே மீனைத் தடுத்து உள்ளே தள்ளினால் போதும். நடுவை நெருங்க நெருங்கக் கண் சிறுத்துக்கொண்டே வரும். கடைசியில், மீன் எல்லாம் வந்து சேர்கிற இடத்தில், வலை ஒரு பை மாதிரி இருக்கும். கண் மிகச் சிறிது. அதற்குப் பெயர்தான் மடி. அம்மா மடி என்கிறோமே, அதே வார்த்தை!

தாத்தா இன்னொன்றும் சொன்னார். "பாரம் எல்லாம் வலை தாங்குதுன்னு நெனைக்காத பாப்பா. கயிறுதான் தாங்குது. வலை சும்மா புடிச்சிக்கிட்டு இருக்கு. வலைய இழுத்து விறைப்பா கட்டுனா மீனும் விழாது, வலையும் கிழியும். கயித்து நீளத்தவிட வலை கூடவே இருக்கணும். தளர விடணும்."

அட! எங்கள் பாடப்புத்தகத்தில் 'பளுவைப் பரவச் செய்தல்' என்று இருப்பதைத்தான் தாத்தா சொல்கிறார். கடையில் வாங்குகிற துணிப்பையை நினைத்துப் பாருங்கள். எங்கே கிழியும்? துணி கிழியாது, அச்சடித்த படமும் கிழியாது. கைப்பிடியைத் தைத்த அந்த நாலு இடம்தான் பிய்த்துக்கொண்டு வரும். பத்துக் கிலோ பாரத்தை நாலு தையலில் தொங்கவிட்டால் வேறு என்ன ஆகும்? வலையில் அப்படி ஒரு இடமே கிடையாது. கயிறு வலையின் விளிம்பு முழுக்க ஓடும். ஒவ்வொரு கண்ணும் கொஞ்சம் கொஞ்சமாகப் பாரத்தைக் கயிற்றிடம் கொடுத்துவிடும்.

அன்று ராத்திரியே பை என் மனதில் உருவாகிவிட்டது. கைப்பிடியைத் தைக்கக் கூடாது. ஒரே கயிறு. பையின் வாய் முழுக்கச் சுற்றி ஓடி, இரண்டு பக்கமும் இறங்கி, அடிவழியாகப் போய்த் திரும்ப மேலே வந்து அதுவே கைப்பிடியாக வேண்டும். மேலே இரண்டு அங்குலக் கண், நடுவில் ஒரு அங்குலம், பாரம் உட்காருகிற அடியில் அரை அங்குலம் என்று கையால் வலை பின்னி வெளியே போர்த்த வேண்டும். உள்ளே காடாத்துணி. உள்பக்கம் அப்பாவின் பழைய கைலியில் ஒரு சின்னப் பாக்கெட். படம் எதுவும் கிடையாது. அலை இல்லை, மீன் இல்லை, நங்கூரம் இல்லை.

நீலம்தான் கடலின் நிறமா?

அடுத்து நிறம். கடல் என்றதும் எல்லோரும் நீலத்துக்கு ஓடுகிறோம். தாத்தா சின்னப் பையனாக இருந்தபோது வலை எல்லாம் பருத்தி நூல். பருத்தி உப்புத் தண்ணீரில் சீக்கிரம் அழுகிவிடும். அதற்காகப் பனிச்சங்காயை இடித்து ஊறவைத்து, அந்தத் துவர்ப்புச் சாற்றில் வலையைத் தோய்த்துக் காயப்போடுவார்களாம். வலை கருஞ்சிவப்பாக, இரும்பு மாதிரி ஆகிவிடும். பிறகு நைலான் வந்தது. பனிச்சங்காயும் போயிற்று.

நம் துறைத் தோழர்களுக்கு இந்த இடத்தில் ஒரு பொறி தட்ட வேண்டும். துவர்ப்பு! சாயப் பாடத்தில் நாம் படித்த அதே சங்கதி. பருத்திக்கு இயற்கைச் சாயம் லேசில் பிடிக்காது. முதலில் கடுக்காய்த் துவர்ப்பை ஏற்றினால்தான் படிகாரமோ இரும்போ துணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், அதைச் சாயம் பிடித்துக்கொள்ளும். வலை அழுகாமல் இருக்கப் பயன்பட்ட அதே துவர்ப்புதான் துணியில் சாயம் நிற்கவும் பயன்படுகிறது.

இன்னொரு சங்கதி. எங்கள் கடலோரத்தின் புகழ்பெற்ற நிறம் நீலமே அல்ல, சிவப்பு! சாயவேர் என்று ஒரு சின்னச் செடி. இம்பூறல் என்றும் சொல்வார்கள். மணற்பாங்கான கடலோர நிலத்தில் வளரும். அதன் வேரில் அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருள் இருக்கிறது. இந்தச் சிவப்பில் தோய்ந்த பூப்போட்ட துணிகளைத்தான் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரைத் துறைமுகங்களிலிருந்து ஐரோப்பாவுக்கும் தென்கிழக்கு ஆசியத் தீவுகளுக்கும் கப்பல் கப்பலாக ஏற்றினார்கள். பழவேற்காட்டில் டச்சுக்காரர்கள் 1613-இல் கோட்டை கட்டினார்கள். எங்கள் ஊரிலிருந்து கொஞ்ச தூரத்தில் உள்ள தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620-இல் கோட்டை கட்டினார்கள். அந்த வியாபாரத்தில் நம் துணிக்குப் பெரிய இடம் உண்டு. துவைத்தாலும் போகாத அந்த நிறத்தைப் பார்த்து மிரண்டு, பிரான்சு 1686-இல் இந்தியச் சாயத் துணிகளைத் தடை செய்தது. இங்கிலாந்தும் 1700-இல் தடை போட்டது. 1860-களின் கடைசியில் ஜெர்மனியில் அலிசரினைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்த பிறகு சாயவேரின் காலம் மெல்ல முடிந்தது.

இவ்வளவையும் கோட்டைக்குப் பக்கத்து ஊரில் பிறந்த நான் எங்கள் கல்லூரி நூலகத்தில் வந்துதான் தெரிந்துகொண்டேன். பெருமையாகவும் இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

சாயவேரில் தோய்க்க ஆசைப்பட்டேன். நாட்டு மருந்துக் கடையில் இம்பூறல் கிடைத்தது. ஆனால் காய்ந்த முழுச் செடி. வேர் நூல் மாதிரி மெல்லிசு. கைக்குட்டை அளவு துணிக்கு மங்கலான ஒரு சிவப்பு ஏறியது, அவ்வளவுதான். ஆகவே கடுக்காய்க்கு வந்தேன். காடாத்துணியை இரவெல்லாம் ஊறவைத்து, சோடா போட்டு வேகவைத்துக் கஞ்சியை நீக்கினேன். கடுக்காய்ப் பொடித் தண்ணீரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்தேன். துருப்பிடித்த ஆணியும் வெல்லமும் போட்டு மூன்று வாரம் புளிக்கவைத்த இரும்புத் தண்ணீரில் தோய்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெளிர் மஞ்சள் துணி கறுத்துக்கொண்டு வந்தது, மழைக்கு முந்தின வங்கக்கடல் மாதிரி! முதல் துண்டை ஆசையில் அதிக நேரம் போட்டுவிட்டேன், இழுத்ததும் கிழிந்துவிட்டது. இரும்பு மிஞ்சினால் பருத்தியைத் தின்றுவிடும் என்பதைப் புத்தகத்தில் படித்தபோது புரியவில்லை, கிழிந்த பிறகு புரிந்தது.

14 மதிப்பெண்ணும் ஒரு காலிக் கட்டமும்

சமர்ப்பிக்கிற நாள் வந்தது. மேஜையில் வண்ண வண்ணப் பைகளுக்கு நடுவே என் பை கறுப்பாக, கரடுமுரடாகக் கிடந்தது. மதிப்பிட்டவர் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "வேலை நல்லா இருக்கு. ஆனா இதுல கடற்கரை எங்கம்மா தெரியுது?" என்றார். நான் மடி, கயிறு, துவர்ப்பு என்று திக்கித் திணறிச் சொன்னேன். "வாங்குறவங்ககிட்ட இவ்வளவு கதை சொல்ல முடியுமா?" என்று கேட்டார். 25-க்கு 14. சுமாராக ஒட்டிய சிப்பிப் பைக்கு 21.

மதிப்பெண்ணைப் பற்றி நான் புகார் சொல்லவில்லை. அவர் கேட்ட கேள்வி நியாயமான கேள்வி, அதற்குப் பிறகு வருகிறேன். என்னை அன்று சுட்டது வேறொன்று. செலவுக் கணக்குத் தாளில் துணி, நூல், சாயம், அச்சுக்கூலி, ஜிப் என்று எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. கைவேலைக்குக் கட்டம் இல்லை. 'இதை எங்கே எழுதுவது?' என்று கேட்டதற்கு, 'அது நீயே செஞ்சதுதானே, அதுக்கு என்ன காசு?' என்று பதில் வந்தது. 38 பேரும் கைவேலைக்குச் சுழியம் போட்டுவிட்டு வந்தோம்.

சுழியம்! நான் அந்தப் பைக்குச் செலவழித்தது 24 மணி நேரம். வலை பின்ன 15, தோய்க்க 4, தைக்க 5. குறித்து வைத்திருக்கிறேன். என் அம்மா கருவாடு காயவைக்கிற இடத்தில் எட்டு மணி நேரத்துக்கு 400 ரூபாய் கூலி வாங்குகிறாள். அந்தக் கணக்குப்படி மூன்று நாள், 1,200 ரூபாய். துணி, கயிறு, கடுக்காய் எல்லாம் சேர்த்து 220 ரூபாய். (அரசின் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் வருகிற 1,000 ரூபாயிலிருந்து எடுத்தது.) மொத்தம் 1,420. இதுதான் என் பையின் உண்மையான விலை. தாளில் இருந்த விலை 220!

இதைச் சாதாரணமாக விட்டுவிடாதீர்கள். நம் வீடுகளில் அம்மாக்கள் பின்னிய ஒயர் கூடையை நினைத்துப் பாருங்கள். சிவன் கண், நெல்லிக்காய் முடிச்சு என்று எத்தனை நுணுக்கம்! பட்டயம் படிக்காமலே செய்த வடிவமைப்பு. பக்கத்து வீட்டுக்காரி 'எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு' என்றால் ஒயர் காசை மட்டும் வாங்கிக்கொள்வார்கள். உழைப்புக்குக் காசு கேட்க அவர்களுக்குக் கூச்சம். வலை பின்னுகிற தாத்தாவுக்கும் அதே கூச்சம். அந்தக் கூச்சத்தை நாமும் படித்துப் பட்டயத்தோடு வாங்கிக்கொண்டு போக வேண்டுமா? 'கைவேலை' என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்துவிட்டு, கணக்கில் கைக்குச் சுழியம் போடுகிற ஒரு தொழிலுக்கா நாம் போகப் போகிறோம்?

1,420 ரூபாய்க்கு யார் வாங்குவார்?

இங்கே நீங்கள் என்னைக் கேட்பீர்கள். 'அம்மா தாயே, 1,420 ரூபாய்க்கு உன் கறுப்புப் பையை எவன் வாங்குவான்?'

நியாயம். 2019 ஜனவரி முதல் நம் மாநிலத்தில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடை இருக்கிறது. 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கினார்கள். 2022-இல் கோயம்பேடு சந்தையில் பத்து ரூபாய் போட்டால் மஞ்சப்பை தருகிற இயந்திரமே வைத்தார்கள். பத்து ரூபாய்க்குத் துணிப்பை கிடைக்கிற ஊரில் என் பை எங்கே நிற்கும்? மஞ்சப்பையோடு போட்டி போட எனக்கு விருப்பமும் இல்லை. அது செய்கிற வேலை பெரிய வேலை.

ஆனால் விலை அதிகம் என்பதற்காகக் கையின் கூலியைத் திருடித்தான் விலையைக் குறைக்க வேண்டுமா? வடிவமைப்பு என்ற ஒன்றை நாம் படிப்பது எதற்கு? நான் மறுபடியும் உட்கார்ந்தேன். 24 மணி நேரத்தில் எந்த மணி நேரம் உண்மையிலேயே பைக்கு வேண்டும், எது என் ஆசைக்காகச் செய்தது என்று பிரித்துப் பார்த்தேன்.

பையைத் தாங்குவது எது? வாயைச் சுற்றி ஓடி அடிவழியாக வருகிற கயிறு. ஆகவே கயிறு வேண்டும். துணியின் விளிம்பை மடித்துத் தைத்து அதற்குள் கயிற்றை ஓட்டினால் வலைக்கண் செய்கிற அதே வேலையைத் துணியே செய்யும். அதைத் தையல் இயந்திரத்தில் அரைமணியில் முடிக்கலாம். பை முழுக்க வலை எதற்கு? காற்று போக வேண்டிய, தண்ணீர் வடிய வேண்டிய ஒரு இடத்தில் மட்டும் வலை இருந்தால் போதும். வெளியே ஒரு சின்ன வலை மடி. ஈரமான கீரைக்கட்டோ, நனைந்த துண்டோ, காகிதத்தில் சுற்றிய மீனோ அதில் போகும். உள்ளே இருக்கிற நோட்டுப் புத்தகம் நனையாது. கறுப்புத் துணியை ஒரே தடவையில் மொத்தமாகத் தோய்த்தால் ஒரு பைக்கு விழுகிற நேரமும் குறைவு.

இரண்டாவது பைக்கு ஆனது 6 மணி நேரம். கூலி 300, பொருள் 170, ஆக 470 ரூபாய். இன்னும் அதிகம்தான். ஆனால் இதில் யாருடைய உழைப்பும் சுழியம் இல்லை. விடுதி ஜன்னல் கம்பியில் பையை மாட்டிப் பத்துக் கிலோ அரிசியைப் போட்டு இரண்டு நாள் தொங்கவிட்டோம். ஒரு தையல் பிரியவில்லை. பக்கத்தில் அச்சுப் படம் போட்ட கடைப்பை ஒன்றைத் தொங்கவிட்டோம். அன்று மாலையே ஒரு கைப்பிடி பிய்ந்து, அதில் சிரித்துக்கொண்டிருந்த டால்பின் தலைகீழாகத் தொங்கியது! அதைப் பார்த்துவிட்டு விடுதித் தோழிகள் மூன்று பேர் 470 ரூபாய் கொடுத்தே வாங்கிக்கொண்டார்கள். அதில் ஒருத்தி, முதலாண்டில் மூக்கைப் பொத்தினவள்!

மதிப்பிட்டவர் கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில். வாங்குகிறவரிடம் கதை சொல்ல வேண்டாம். பை கிழியாமல் இருந்தால் அதுவே சொல்லும்.

பழசுக்குத் திரும்பச் சொல்லவில்லை

இன்னொரு தப்பு அபிப்பிராயம் வந்துவிடக் கூடாது. 'பழையதெல்லாம் பொன், நைலானை ஒழிப்போம்' என்று நான் சொல்லவில்லை. அப்பாவிடம் பருத்தி வலைக்குத் திரும்பச் சொன்னால் சிரிப்பார். வாரக்கணக்கில் வலை காயவைப்பதிலேயே பிழைப்பு போய்விடும். நைலானும் நரம்பு வலையும் அவர் உழைப்பைக் குறைத்தவை. சிலர் 'கழித்துப் போட்ட நரம்பு வலையில் பை செய்யலாமே' என்று கேட்டார்கள். முயன்றேன். வழுக்கிக்கொண்டு முடிச்சு நிற்கவில்லை, விரலை அறுத்தது. யாராவது வழி கண்டுபிடித்தால் முதலில் கைகுலுக்குவது நானாக இருப்பேன்.

படம் வரைவதே பாவம் என்றும் சொல்லவில்லை. வரைகிறவர் வரையட்டும், ஆனால் தன் கண்ணால் பார்த்ததை வரையட்டும். சிப்பி ஒட்டினால்தான் கடல் என்றால், கடலோரத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களுக்குச் சிப்பி என்பது காலைக் கிழிக்கிற, வலையை அறுக்கிற ஒரு சங்கடம்! உல்லாசத்துக்கு வருகிறவர் பார்க்கிற கடல் ஒன்று. அதில் வேலை செய்கிறவர் பார்க்கிற கடல் ஒன்று. அச்சுப் பட்டறைகள் முதல் கடலை மலிவாக, ஆயிரக்கணக்கில் அடித்துத் தள்ளும். அங்கே நம்மால் ஜெயிக்க முடியாது. இரண்டாவது கடல் நம் வீட்டுக்காரர்களின் கையில்தான் இருக்கிறது. அதை நாம் எடுக்காவிட்டால் யார் எடுப்பார்கள்?

உங்களுக்கு ஒரு கேள்வி

நான் கேட்பது இரண்டே விஷயம்.

ஒன்று, அடுத்த வருடம் எங்கள் துறையில் செய்முறைத் தாள் அச்சடிக்கும்போது செலவுக் கணக்கில் 'கைவேலை – மணி நேரம் – கூலி' என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். பேரவை இதைத் துறைத் தலைவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு வரி அச்சடிக்கப் பெரிய செலவில்லை.

இரண்டாவது, எல்லாத் துறைக்கும். தறிக்காரர் பிள்ளையே, உன் அப்பா அறுந்த இழையைக் கண்மூடித் திறப்பதற்குள் முடிகிறாரே, அந்த முடிச்சு எப்படி? கொத்தனார் பிள்ளையே, உன் அப்பா தண்ணீர் நிரப்பின ஒரு குழாயை வைத்து மட்டம் பார்க்கிறாரே, ஏன் அது தப்புவதில்லை? மெக்கானிக் பிள்ளையே, உன் மாமா இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்கிறாரே, அவர் காதுக்கு எது கேட்கிறது? இதையெல்லாம் என்றைக்காவது உட்கார்ந்து கேட்டிருக்கிறோமா? அல்லது என்னை மாதிரி 'சொந்தத் தொழில்' என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டோமா? நம்மில் பாதிப் பேர் வீட்டில் முதல் படிப்பு. அதற்காக வீட்டில் அறிவே நம்மோடுதான் ஆரம்பித்தது என்று அர்த்தமா?

இந்தத் தீபாவளிக்கு முதல் பையை, அந்த 14 மதிப்பெண் பையை, அம்மாவுக்குக் கொடுத்தேன். வேலைக்குப் போகும்போது சாப்பாட்டுத் தூக்கு, தண்ணீர் பாட்டில், வெற்றிலைப் பொட்டலம் எல்லாவற்றையும் அதில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டாள். அடியைத் தடவிப் பார்த்துவிட்டு, "தாத்தா வலை மாதிரியே இருக்குடி" என்றாள். கடற்கரை எங்கே தெரிகிறது என்று கேட்கவில்லை.

திரும்பி வரும்போது எனக்கும் ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். இந்தத் தடவை மறுக்கவில்லை. வலை மடியில் வைத்துக் காற்றாடக் கொண்டு வந்தேன். நெத்திலிக் கருவாடு! அறை எண் கேட்டுக்கொண்டு வாருங்கள், விடுதி சமையல் அக்காவிடம் சொல்லி வறுத்து வைக்கிறேன்.

கேட்டுப் படிப்போம்! கணக்கில் கைக்கும் இடம் கொடுப்போம்!